திட்டுவதற்கு ஒரு குரல்

தொண்டையில் கட்டி என்று சொன்ன டாக்டர், குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். நான் சரக்குக் கிடங்கில் வேலை செய்பவள். ரிவர்ஸில் வரும் லாரிகளுக்கு ‘வா, வா, ஒடி, நிறுத்து’ என்று கத்துவதுதான் என் பிழைப்பு. நான் போடும் சத்தத்தில் லாரி நின்றே ஆக வேண்டும். அந்தத் தொண்டைக்கா இந்தக் கதி என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தம்பி பாட்டுப் பதிவு செய்கிறவன். “அக்கா, ஆபரேஷனுக்கு முன்னாடி நீ நிறைய வாக்கியம் படி, நான் பதிவு பண்ணிக்கிறேன். அப்புறம் நீ போன்ல டைப் பண்ணினா உன் குரல்லயே பேசும்” என்றான். இல்லாவிட்டால் போனுக்குள் ஏற்கெனவே இருக்கிற குரல்தான். எவளோ ஒருத்தி என் வாயாகப் பேசுவதா? சரி என்றேன்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அன்று காலை, அவன் வீட்டுப் பின்னறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மூலையில் மைக்கை நிறுத்தினான். மைக்கின் வயர் ஒரு சின்னப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து லேப்டாப்புக்குப் போனது. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அவன் பெட்டியில் செருகிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அறையின் மறுகோடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தான். ஆரம்பித்ததும் கரகரவென்று ஒரு சத்தம். திரை அப்படியே நின்றுவிட்டது.

“என்னடா ஆச்சு?”

“டிரைவர் சண்டைக்கா. பெட்டியை ஓட்டுற சாஃப்ட்வேர் ஒரு டிரைவர், லேப்டாப்புக்குள்ளயே இருக்கிற குட்டி மைக்குக்கு ஒரு டிரைவர். ரெண்டும் ஒரே நேரத்துல ஸ்டியரிங்கைப் பிடிக்குது.”

“எங்க கிடங்கா இருந்தா ரெண்டு பேரையும் கீழ இறக்கி விட்டிருப்பேன்.”

சிரித்தான். ஒன்றை அழித்தான், திரும்பப் போட்டான், லேப்டாப்பை அணைத்து எழுப்பினான். கடைசியில் இரண்டையும் சேர்த்து மேய்க்கிற பொது டிரைவர் ஒன்றைத் தேடிப் போட்டான். என்னை ஒரு வரி பேசச் சொல்லி, பதிவானதைக் கேட்டுப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. ஆனால் படிக்கத் தொடங்கியதும் மறுபடி நின்றது. மறுபடி எழுப்பினான். இன்னொரு முறை சோதிக்க நான் விடவில்லை.

“சோதனை பண்ணியே என் உயிரை வாங்காதே. ஆரம்பி” என்று விரட்டினேன்.

படித்தேன். தண்ணீர் வேண்டும். கதவைச் சாத்து. வலிக்கிறது. நாளைக்கு வா.

“இன்னும் கொஞ்சம் சத்தமாக்கா. ஹெட்போன்ல நல்லாக் கேக்குது, திரையில கோடுதான் மெலிசா வருது.”

நோயில் என் குரல் அவ்வளவு தேய்ந்துவிட்டது என்று அவன் நினைத்திருக்கிறான், பாவம். அதை என்னிடம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். வாயில் ரத்தம் கரித்தது. விழுங்கிவிட்டு அடுத்த வரியைப் படித்தேன்.

ஆபரேஷன் முடிந்து நான் எழுந்து உட்காரத் தொடங்கியதும், தம்பி லேப்டாப்போடு வார்டுக்கு வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ஹெட்போனை என் காதில் மாட்டினான்.

லேப்டாப்பின் விசிறி இரைந்தது. விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. அவன் எச்சில் விழுங்குவது கூடக் கேட்டது. “இன்னும் கொஞ்சம் சத்தமாக்கா” என்று அவன் குரல் கணீரென்று வந்தது. அதற்குப் பின்னால், பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் யாரோ ஒரு பெண் முனகிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்றே புரியவில்லை.

“லேப்டாப்பை மறுபடி எழுப்பினப்போ பதிவு தானாவே லேப்டாப் மைக்குக்குத் தாவிடுச்சுக்கா. ஹெட்போனைப் பெட்டியில செருகியிருந்தேன், அதுல மட்டும் உன் குரல் நேரா வந்துச்சு. நான் காதை நம்பிட்டேன். எங்கெங்கயோ கொடுத்துப் பார்த்துட்டேன். இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதாம்.”

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“திட்டுக்கா. சும்மா பார்க்காதே. திட்டிடு.”

வாயைத் திறந்தேன். மூச்சு விடக் கழுத்தில் போட்டிருந்த ஓட்டை வழியாகக் காற்றும் கொஞ்சம் சளியும் வந்தன. அவன் துணியால் துடைத்துவிட்டான். போனை எடுத்து, ‘கழுதை, உனக்கு அறிவிருக்கா’ என்று டைப் செய்து அழுத்தினேன். நான் பார்த்தேயிராத ஒருத்தி, அதைச் செய்தி வாசிப்பதுபோல் தெளிவாகச் சொன்னாள்.

தம்பி தலையை ஆட்டினான்.

“நீ திட்டுக்கா” என்றான்.