தாபோடிக் கூடத்தில் நின்றுபோன வியாழக்கிழமை

அந்த மருத்துவமனையில் இறந்தவர்கள் எல்லாரும் சில மைல் தள்ளியிருந்த தாபோடியில் மேலும் நான்கு மணி நேரம் உயிரோடிருந்தார்கள். 2001இல் நோயாளிகளின் டேட்டாபேஸுக்கு ஒரு நகல் எடுத்து, அங்கே வாடகைக்குப் பிடித்த மாடிக் கூடத்தில் வேறொரு சர்வரில் வைத்தபோது, நோயாளிகளும் கட்டிலோடு வந்து சேர்ந்தார்கள். யாராவது கைதவறி எதையாவது அழித்துவிட்டால் மீட்டுக்கொள்ளலாமே என்று, நகலை வேண்டுமென்றே நான்கு மணி நேரம் பின்தங்கி ஓடவிட்டிருந்தார்கள். மருத்துவமனையில் காலை எட்டுக்கு அவல் தின்றவர் கூடத்தில் பகல் பன்னிரண்டுக்குத் தின்றார். நகலைப் படிக்கலாம், பட்டியல் எடுக்கலாம். ஓர் எழுத்தை மாற்ற முடியாது. கட்டில்களும் அப்படித்தான். கலைந்த போர்வையைச் சரிசெய்யப் போனால் அது கல்லாக இருந்தது. கத்திப் பேசினாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டட உரிமையாளர் ஒருமுறை எட்டிப் பார்த்து, இவர்கள் கழிப்பறையைப் பயன்படுத்துவார்களா என்று கேட்டார். மாட்டார்கள் என்றதும் நிம்மதியாகப் போய்விட்டார்.

கூடத்தையும் சர்வரையும் பார்த்துக்கொண்டவள் ஸ்ரீவித்யா, கோயம்புத்தூர்க்காரி. 2004 ஆகஸ்டில் அவள் கணவன் ஹரிபிரசாத்தை நெஞ்சுவலி என்று அதே மருத்துவமனையில் சேர்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை நம்பி அவள் வேலைக்கு வந்தாள். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு இருபதுக்கு அவன் இறந்துபோனான். போன் வந்தபோது கூடத்துக் கட்டில்களில் இன்னும் காலை எட்டு இருபதுதான். ஹரிபிரசாத் கட்டிலில் உட்கார்ந்து, படிக்கத் தெரியாத மராத்திப் பத்திரிகையில் கிரிக்கெட் படம் பார்த்துக்கொண்டிருந்தான். உடலை அவன் தம்பி விச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு, ஸ்ரீவித்யா நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாள். அழுகை வரவில்லை. உறவுக்காரர்கள் இதைப் பற்றிப் பேசாமல் விடவில்லை; பல வருடம் பேசினார்கள்.

மாலை நான்கு பதினொன்றுக்கு, அதாவது அவனுக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தபோது, அவன் தண்ணீர் டம்ளரை எடுத்தான். அவனைப் போகவிட அவளுக்கு மனம் வரவில்லை. எழுந்து போய் நகலை நிறுத்தினாள். அறுபத்து மூன்று கட்டில்களும் நின்றன. டம்ளர் அவன் உதட்டுக்கு விரற்கடை தூரத்தில் நின்றது.

வெள்ளிக்கிழமை தகனம் முடிந்தது. சனிக்கிழமை அவள் கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மேலாளர் ரங்கராஜன் தினமும் போன் செய்தார்.

“லிஸ்ட் எல்லாம் வியாழக்கிழமையிலயே நிக்குதேம்மா?”

“பாத்துட்டுத்தானுங்க சார் இருக்கேன்,” என்றாள். அது பொய்யில்லை.

இதற்குள் குணமாகி வீடு போனவர்களிடமிருந்து புகார் வரத் தொடங்கியது. லோஹேகாவில் ஒரு விமானப்படைக்காரர் ஒரே கொட்டாவியை முடிக்க முடியாமல் டியூட்டிக்குப் போய் வந்தார். பன்னிரண்டாம் நாள் பகலில் கோர்படி ரயில்வே காலனியிலிருந்து பவுன் என்ற பெண் விசாரித்துக்கொண்டு நேராகக் கூடத்துக்கே வந்துவிட்டாள்.

“ஏம்மா, டிஸ்சார்ஜ் ஆயி எட்டு நாளு, ஒரு ஹஃப்தாக்கு மேல ஆச்சு. இருமல் மட்டும் பாதியில நிக்குது. டாக்டரு நெஞ்சு பில்குல் சாஃப், ஒண்ணுமே இல்லங்கறாரு.”

முப்பத்தோராம் கட்டிலில் வாயைப் பொத்திக்கொண்டு பாதி இருமலில் நின்ற தன்னையே பவுன் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தலை வாராமல் இருக்கிறேனே என்று குறைபட்டுக்கொண்டாள். பிறகு ஹரிபிரசாத்திடம் வந்து நின்றாள்.

“உன் வீட்டுக்காரரா?”

ஸ்ரீவித்யா தலையசைத்தாள்.

“எத்தன நாளா இப்டி டம்ளரைத் தூக்கிக்கிட்டு நிக்குறாரு?”

“பன்னெண்டு நாளுங்க.”

“அய்யோ, நாக்கு வறண்டு போயிருக்குமே,” என்றாள் பவுன்.

பன்னிரண்டு நாளாக அவன் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஸ்ரீவித்யா அப்போதுதான் உதட்டைப் பார்த்தாள். வெடித்திருந்தது. நகலை ஓடவிட்டால் தேங்கிய நாள்களெல்லாம் வேகமாக ஓடும், அவனுடைய ஒன்பது நிமிடம் மூச்சு விடுவதற்குள் தீரும் என்பது வேறு யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். எழுந்து போய் ஓடவிட்டாள்.

பவுன் இரண்டு இடத்திலும் இருமி முடித்தாள். கட்டில்கள் காலியாகி நிரம்பின. நகல் மறுபடி ஓடுகிற தகவலை ரங்கராஜனுக்குச் சொன்னபோது மணி ஒன்று. ஹரிபிரசாத்தின் கட்டிலில் மஞ்சள் காமாலையோடு ஒரு பஸ் டிரைவர் படுத்திருந்தார். அவ்வளவு வேகத்தில் எதையும் சரியாகப் பார்த்திருக்க முடியாதுதான். ஆனால் அவன் தொண்டை மூன்று முறை ஏறி இறங்கியதை அவள் எண்ணியிருந்தாள். அவன் டம்ளரைக் கவிழ்த்து வைத்தபோது ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.