இன்ஸ்பெக்டர் உறைந்த நாள்

நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனார் புகுந்த வீட்டை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு தோள்பையும் ஒரு தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. பாட்டிலுக்குள் ஒரு மீன் இருந்தது. நான் கதவைத் திறந்ததும் தன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "வாய் அகலமா ஏதாவது பாத்திரம் இருக்குமா? இதுக்கு மூச்சு முட்டுது" என்றார். அழுதுகொண்டு வந்திருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும். பாத்திரம் கேட்டு வந்தவரை என்ன சொல்லித் தேற்றுவது? பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன்.

மீன் சாதாரணத் தங்கமீன்தான். ஆனால் மேலுதட்டில் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு கோடு, கத்தரித்துவிட்ட மீசை மாதிரி. கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றியதும், வீட்டில் எவன் என்ன தப்புச் செய்தான் என்று விசாரிக்க வந்ததுபோல எங்களை ஏற இறங்கப் பார்த்தது. என் கணவர் அன்றைக்கே அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்துவிட்டார். அண்ணி விரல்நகத்தால் கிண்ணத்தின் விளிம்பில் டொக் டொக்கென்று தட்டினால் இன்ஸ்பெக்டர் மேலே வந்து வாயைத் திறக்கும். நான் தட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. அவ்வளவு கொழுப்பு.

கிண்ணம் சின்னது, அந்த மீனுக்குப் போதாது. என் கணவர் பலமுறை சொல்லிப் பார்த்தார். "அக்கா, பழைய ஷோகேஸ் ஃப்ரிட்ஜோட கண்ணாடியெல்லாம் சும்மா கெடக்கு. பெரிய தொட்டியா ஒட்டித் தரேன்."

"வேணாம்டா. நாளைக்கே நான் கிளம்பணும்னா அதை யாரு தூக்குறது?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவருடைய தோள்பையும் அப்படித்தான், கதவுக்குப் பின்னால் கொக்கியிலேயே தொங்கியது. துணியை அதிலிருந்து எடுப்பார், துவைத்து மடித்து அதற்குள்ளேயே வைப்பார். அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தேன், அது காலியாகவே கிடந்தது. ஒருநாள் துணி மடிக்கும்போது என்னிடம் சொன்னார்: "இதோட ஆயுசு இருக்கிற வரைக்கும் உங்களுக்குத் தொந்தரவு. ஹாஸ்டல்ல மீனெல்லாம் விடமாட்டாங்களாம். அப்புறம் நான் ஒரு ரூம் பார்த்துப்பேன்."

அவர் போவதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. தம்பிக்கும் தம்பி பொண்டாட்டிக்கும் சண்டை வந்தால், என்ன ஏதென்று கேட்காமலே பொண்டாட்டி பக்கம் நிற்கும் நாத்தனார் வேறு யாருக்காவது வாய்த்திருக்கிறாரா? எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. எங்கள் வீட்டில் எனக்கு ஒரு அக்கா கிடைத்திருந்தார், அவரை அந்த மீன் பிடித்துவைத்திருந்தது. அதனால் அதன் திமிரையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் என் கணவரின் பட்டறை. ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர், குளிர்சாதனம் எல்லாம் பார்ப்பார். தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் சில விஷயங்களில் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதில் முதலாவது, ஃப்ரீசரில் ஐஸ் கட்டினால் கத்தியால் குத்துகிறவர்களும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுகிறவர்களும். உள்குழாய் வெடித்து, குளிரூட்டும் வாயு எல்லாம் போய், அழுதுகொண்டு வந்து நிற்பார்கள். அவர்களுக்காகவே சுவரில் பெயின்ட்டால் எழுதிவைத்திருக்கிறார்: "ஐஸைத் தொடாதே. தானாக உருகும்."

இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை முடிந்த இயந்திரத்தை மீட்டர் வைத்துப் பார்ப்பார், மீட்டர் சரியென்று சொன்னாலும் நம்பமாட்டார். ஒரு பாத்திரம் தண்ணீரை உள்ளே வைப்பார். அது உறைந்தால்தான் அவர் மனது ஆறும். அதற்கென்றே நசுங்கிப்போன அலுமினியப் பாத்திரம் ஒன்று வைத்திருந்தார்.

ஒருநாள் அந்தப் பாத்திரம், இன்னொரு இயந்திரத்தில் ஒழுகுகிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே மீனுக்குத் தண்ணீர் மாற்றும் நாளும் வந்து தொலைத்தது. குழாய்த் தண்ணீரில் மருந்து நெடி போகவேண்டும் என்பதற்காகப் புதுத் தண்ணீரைக் கிண்ணத்தில் நிரப்பி ஜன்னலோரம் வைத்துவிட்டு, மீனை ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் விட்டு, துள்ளி விழாமல் இருக்க ஒரு தட்டைப் போட்டு மூடுவார் அண்ணி. அன்றைக்குச் சமையலறை சூடு ஆகாது என்று முதல்முறையாகப் பட்டறை மேஜையின் நிழலான மூலையில் வைத்தார். மத்தியானம் நான் கிண்ணத்துக்கு மாற்றவேண்டும். "இன்ஸ்பெக்டர் அங்க இருக்கார், பார்த்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் பஸ் பிடிக்க ஓடினார். என் கணவர் அப்போது ஐஸ்கிரீம் கடைக்காரரின் பெரிய ஃப்ரீசருக்குப் பின்னால் தலையை விட்டிருந்தார். அவர் காதில் எதுவும் விழுந்திருக்காது.

மத்தியானம் பட்டறைக்குப் போனேன். மேஜை மூலை காலியாக இருந்தது.

"என்னங்க, இங்க இருந்த பாத்திரம் எங்க?"

"எந்தப் பாத்திரம்? தட்டு போட்டு மூடி இருந்துச்சே, அதுவா? டெஸ்ட்டுக்கு வெச்சிருக்கேன். மிஷின் சும்மா பிச்சு உதறுது, நீயே பாரு" என்று பெருமையாக ஃப்ரீசரின் மேல்கதவைத் திறந்தார்.

"அதுலதாங்க மீன் இருக்கு!"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி மேஜைமேல் வைத்தார். தட்டு ஒட்டிக்கொண்டிருந்தது, ஆட்டி ஆட்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது. மேலே முழுக்க ஐஸ். ஓரமெல்லாம் வெள்ளையாக இறுகியிருந்தது. நடுவில் மட்டும் கண்ணாடிபோலத் தெளிவாக ஒரு வட்டம், அதற்குக் கீழே கொஞ்சம் தண்ணீர், அந்தத் தண்ணீரில் இன்ஸ்பெக்டர். வாலின் நுனி ஐஸுக்குள் மாட்டியிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. மீசை மட்டும் அப்படியே இருந்தது.

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மீன்கூட இல்லை, கதவுக்குப் பின்னால் தொங்கும் அந்தத் தோள்பைதான்.

என் கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் சேர்ந்து ஓடின. சமையலறைக்குப் போய் அடுப்பில் தண்ணீரைச் சுடவைத்தார். திரும்பி வந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். "கொஞ்சம் சுடுதண்ணி ஊத்தி, ஓரமா ஒரு குத்து குத்தினா…"

நான் அவர் கையைப் பிடித்தேன். "அந்தச் சுவத்துல என்ன எழுதியிருக்கு? படிங்க."

"அது ஃப்ரீசருக்குடி!"

"ஊருக்கெல்லாம் ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணா? ஐஸைத் தொடாதீங்க."

சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒரு வார்த்தையை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

இந்தச் சமயம் பார்த்து ஃப்ரீசரை எடுத்துப்போக ஐஸ்கிரீம் கடைக்காரர் வந்து சேர்ந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"மீனா? என் ஃப்ரீசர்லயா?"

"டெஸ்ட்டு அண்ணே" என்றார் என் கணவர் ஈனஸ்வரத்தில்.

"மிஷின் நல்லா வேலை செய்யுதுன்னு புரியுது. ஆனா தம்பி, இது போயிடுச்சு. ஐஸுல நான் பார்க்காததா? ஒண்ணு பண்ணு. மார்க்கெட் பக்கம் மீன் கடை இருக்கு. இதே சைஸ்ல, இதே கலர்ல ஒண்ணு வாங்கிட்டு வந்து விட்டுடு. யாருக்குத் தெரியும்?"

"மீசை?" என்றேன் நான்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "மார்க்கர் பேனா இருக்கா?"

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். என் கணவரோ நிஜமாகவே வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். வாசல்வரை போனார். அங்கேயே நின்றார். கதவுக்குப் பின்னால் தொங்கிய பையை அவரும் பார்த்திருக்கவேண்டும். திரும்பி வந்து சாவியை மேஜைமேல் போட்டார்.

"வேணாம். செத்துப்போயிருந்தா நான்தான் கொன்னேன்னு சொல்லிடறேன். அக்காகிட்ட நான் நடிக்க மாட்டேன்."

கோபம் தலைக்கேறி நின்றவள் நான். அந்த ஒரு வார்த்தையில் எல்லாக் கோபமும் இறங்கிவிட்டது.

மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். கடைக்காரர் ஃப்ரீசரை மறந்துவிட்டார். போன் அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை. சாப்பாடு அடுக்களையில் ஆறிக்கொண்டிருந்தது. ஐஸ் உருகுவதை வேடிக்கை பார்ப்பதைப்போலப் பொறுமையைச் சோதிக்கிற காரியம் உலகத்தில் வேறு இல்லை. முதலில் ஓரத்தில் வேர்த்தது. பிறகு பாத்திரத்துக்கும் ஐஸுக்கும் நடுவே நூல்போல ஒரு இடைவெளி விழுந்தது. பிறகு மேல்வட்டம் முழுவதும் மெல்ல ஆடியது. என் கணவர் விரலை நீட்டுவதும், நான் முறைப்பதும், அவர் விரலை மடக்குவதுமாக நேரம் போனது.

வால் விடுபட்டது. மீன் பக்கவாட்டில் சாய்ந்து, கரண்டி மூழ்குவதுபோல அடியில் போய் விழுந்தது.

"நான்தான் சொன்னேனே" என்றார் கடைக்காரர். குரலில் பெருமை இல்லை, பாவம்.

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கன்னத்து மூடி, அந்தச் செவுள், ஒரே ஒருமுறை உயர்ந்து இறங்கியது. தண்ணீர்தான் அசைந்ததோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் ஒன்றுமே இல்லை. பிறகு இன்னொருமுறை.

"மூச்சு விடுது" என்றேன்.

"எங்க?" "எங்க?" என்று இரண்டு ஆண்பிள்ளைகளும் பாத்திரத்தின்மேல் விழுந்தார்கள். இருவர் தலையும் முட்டிக்கொண்டன.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை வாழ்நாளில் மறக்கமாட்டேன். அந்த மீன் எந்த அவசரமும் படவில்லை. முதலில் மூச்சை மட்டும் சரிசெய்துகொண்டது. அது ஒழுங்கான பிறகு ஒரு செட்டையை அசைத்துப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. நிமிரப் பார்த்தது, சரிந்தது. மறுபடி நிமிர்ந்தது, மறுபடி சரிந்தது. எனக்கு அடுத்த வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றாலே தலைவலி வந்துவிடும். விரல்நீளம் இருக்கும் இந்த உயிர், உறைந்து கிடந்த தன் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. யாரும் உதவவில்லை, யாராலும் உதவ முடியாது. என்னை மீறிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். ஐஸ்கிரீம் கடைக்காரர் சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்மளுக்கு ஒரு தும்மல் வந்தா மூணு நாள் படுத்துக்குறோம்" என்றார்.

அண்ணி வேலையிலிருந்து வந்தபோது விளக்குப் போடும் நேரம். மீன் பாத்திரத்தின் அடியில் நிமிர்ந்துதான் இருந்தது, ஆனால் நகரவில்லை. பட்டறைக்குள் மூன்று பேர் ஒரு பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

என் கணவர் எழுந்தார். "அக்கா, நான்தான். உள்ள மீன் இருக்கறது தெரியாம ஃப்ரீசர்ல வெச்சுட்டேன். உறைஞ்சு போயிடுச்சு. இப்ப மூச்சு விடுது, ஆனா பிழைக்குமான்னு தெரியல. மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கணும். பார்க்கல. என் தப்புதான்."

அண்ணி கைப்பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். குனிந்து பார்த்தார். பிறகு விரல்நகத்தால் பாத்திரத்தின் விளிம்பில் தட்டினார். டொக், டொக்.

ஒன்றும் நடக்கவில்லை. என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணி மறுபடி தட்டினார்.

இன்ஸ்பெக்டர் அசைந்தது. வாலின் நுனி பிய்ந்துபோயிருந்ததால் நேராக வரமுடியவில்லை. குடித்தவன் படியேறுவதுபோல ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு, நின்று நின்று, மேலே வந்து சேர்ந்தது. வாயைத் திறந்தது. எங்களை எல்லாம் வழக்கம்போல ஏற இறங்கப் பார்த்தது.

"ஐயோ, மொறைக்குதுப்பா!" என்று கடைக்காரர் கத்தியதில் தெருவே திரும்பியிருக்கும்.

அண்ணி அழுதார். அவர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்தில் போய் நின்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க யாருமே சாப்பிடலையா?"

"இல்ல அண்ணி."

"ஒரு மீனுக்காகவா?"

"உங்களுக்காக அண்ணி. அது போச்சுன்னா நீங்களும் போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்" என்றேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், வாயில் வந்துவிட்டது.

அவர் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வீட்ல ஒரு கப் உடைஞ்சாக்கூட யாரு உடைச்சாலும் நான்தான் உடைச்சேன்னு ஆயிடும். நான்தான் பண்ணினேன்னு ஒருத்தர் எழுந்து நின்னு சொல்லி நான் கேட்டதே இல்ல" என்றார். பிறகு தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "தடிமாடு. மூடியைத் தூக்கிப் பார்த்தா என்ன?"

மீனை இரண்டு கையிலும் ஏந்திக் கிண்ணத்துக்கு மாற்றினார். பழைய தண்ணீரிலும் கொஞ்சம் சேர்த்து ஊற்றினார். அது ஒரு சுற்றுச் சுற்ற முயன்று, வால் ஒத்துழைக்காமல், கண்ணாடியில் போய் முட்டியது.

"இடம் பத்தலடா இதுக்கு" என்றார் அண்ணி. "ஏதோ கண்ணாடி கெடக்கு, தொட்டி செஞ்சு தரேன்னு சொன்னியே?"

"எந்த சைஸ்ல அக்கா?"

அவர் பட்டறையின் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"பெருசாவே செய்" என்றார். "யாராலயும் தூக்க முடியாத மாதிரி."