முப்பத்து நான்கு பெட்டிகள்

கடையில் சும்மா கிடைத்ததென்று தம்பி தூக்கி வந்த அட்டைப் பெட்டிகளை அவள் வாசலிலேயே மறித்தாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். விரல் உள்ளே போனது.

"மூணடுக்கு அட்டைடா இது. அதுலயும் ஈரம் குடிச்சது. உன் பொண்டாட்டியோட பீங்கான் தட்டை இதுல வச்சா, அங்க போய் முறத்துலதான் அள்ளணும்."

"எங்களுக்கு என்னக்கா தெரியும். நீயே பாத்து வாங்கிடு," என்றான் தம்பி.

அவளுக்கு அது போதும். மருந்துக் குப்பி செய்யும் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் பேக்கிங் பிரிவில் இருந்தவள். வருகிற பெட்டியை எல்லாம் அமுக்கிப் பார்த்தே உள்ளே விடுவாள் என்பதால் அங்கே அவளுக்குக் 'கட்டைவிரல் அம்மா' என்று பெயர். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. தம்பியைப் படிக்க வைத்த வருடங்களில் கல்யாண வயது தாண்டிப் போனது. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. தம்பிக்குக் கல்யாணமான நாளிலிருந்து எல்லோரும் இந்த மூன்றாம் மாடி வாடகை வீட்டில் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். இப்போது தம்பிக்குப் பதவி உயர்வு, வேறு ஊர். வீட்டைக் காலி செய்ய மூன்று வாரம் இருந்தது.

நோட்டும் பென்சிலுமாக அறை அறையாக நடந்து கணக்கெடுத்தாள். நாற்பத்தொரு பெட்டி. லாரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று தம்பி அந்தக் கணக்கைப் போனில் படமெடுத்துக்கொண்டான். எல்லாம் ஐந்தடுக்கு. புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, தலையணை போர்வைக்குப் பெரிய பெட்டி. இதை மாற்றிச் செய்கிறவர்கள்தான் உலகத்தில் அதிகம் என்பாள். பழைய செய்தித்தாளைத் தொடவிடவில்லை, மை வெள்ளைப் பீங்கானில் ஏறிவிடும். அச்சடிக்காத காகிதம் கட்டுக்கட்டாக வாங்கினாள். குமிழி வைத்த பிளாஸ்டிக் உறையில் குமிழி உள்பக்கம் பார்க்க வேண்டும். தட்டைப் படுக்க வைக்கக் கூடாது, நிறுத்தி வைக்க வேண்டும். மூடிய பெட்டியை ஆட்டினால் சத்தமே வரக் கூடாது. தம்பி மகள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பெட்டி எந்த அறைக்கு என்று சீட்டு எழுதி ஒட்டினாள். பதினைந்து வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். "அத்தை, உன் ரூம் சாமானைக் கடைசில பாத்துக்கலாம்," என்று இரண்டு தடவை சொன்னாள். பிள்ளைக்கும் வேலையில் ஒரு ஒழுங்கு வந்துவிட்டதென்று அத்தை மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு லாரிக்காரர்களின் மேற்பார்வையாளர் வந்தார். அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைத் தட்டிப் பார்த்து, "எங்க ஆளுங்ககூட இப்படிக் கட்ட மாட்டாங்க மேடம்," என்றார். பிறகு தன் தாளைப் பார்த்துப் படித்தார். "மொத்தம் முப்பத்து நாலு பெட்டி. கட்டில் ரெண்டு. பீரோ ரெண்டு. சரிதானே?"

"நாப்பத்தொண்ணு. கட்டிலும் பீரோவும் மும்மூணு. சரியா எண்ணுங்க."

"சார் போன மாசமே குடுத்த லிஸ்ட் மேடம் இது." அவர் பேனாவால் அவள் அறைக் கதவைக் காட்டினார். "அந்த ஓர ரூம் மட்டும் வேணாம்னாரே."

தம்பி கூடத்தில் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவள் அவனையே பார்த்தாள்.

"அப்புறம் பேசலாம்க்கா."

"இப்பவே பேசு. அவரு லாரியில எடம் கணக்குப் போடணும்ல."

மேற்பார்வையாளர், "நான் கீழ நிக்கறேன் சார்," என்று படியிறங்கினார்.

"அங்க ரெண்டே ரூம்தான்க்கா. பாப்பாவுக்குப் படிக்கிற வயசு, தனி ரூம் வேணும். உனக்கு நல்ல விடுதியா ஒண்ணு பாத்திருக்கேன். எல்லாம் உன் வயசுப் பொம்பளைங்க. கொஞ்ச நாள் இரு. பெரிய வீடா அமைஞ்சதும்..."

"முன்னாடியே சொல்லிடுங்கன்னுதான் நான் சொன்னேன் அண்ணி," என்றாள் தம்பி மனைவி, ஏற்கெனவே துடைத்த டம்ளரை மறுபடி துடைத்தபடி.

அத்தை திரும்பிப் பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா குனிந்து ஒட்டுநாடாச் சுருளின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

"சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாங்க அத்தை."

தம்பி சொன்னதைக்கூட ஒருவிதமாக விழுங்கிவிடலாம் என்றிருந்தது. இது தொண்டையைத் தாண்டவில்லை. மூன்று வாரம் முழங்கால் இடிக்க உட்கார்ந்து சீட்டு ஒட்டிய பிள்ளை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அவள் அதற்கு ஐந்தடுக்கு அட்டை பார்த்து வாங்கி, உள்ளே காகிதமும் சுற்றியிருக்கிறாள். சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தம்பி போனைக் கீழே வைத்தான்.

பீங்கான் பெட்டி மட்டும் மூடாமல் இருந்தது. மத்தியானம் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் ஒடுங்கிக் கிடக்க, அவள் அதன் முன் உட்கார்ந்தாள். இரண்டு தட்டுகளுக்கு நடுவிலிருந்த காகிதத்தை உருவினாள். தட்டுகள் சாய்ந்து ஒன்றையொன்று தொட்டன. 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம். இப்படியே மூடி ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. முதல் பள்ளத்திலேயே லாரி வேலையை முடித்துவிடும். சற்று நேரம் அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நீவி, தட்டுகளுக்கு நடுவில் திரும்பச் செருகி, மேலே இன்னும் இரண்டு தாளைக் கசக்கி அடைத்து, பெட்டியை ஒட்டினாள். ஆட்டிப் பார்த்தாள். சத்தமில்லை. தன் கைகளுக்கு வேலையைக் கெடுக்கத் தெரியவில்லையே என்று அவற்றின் மீதுதான் ஆத்திரமாக வந்தது.

"மிச்சப் பெட்டில உன் சாமானை வச்சுக்கக்கா," என்றான் தம்பி சாயங்காலம். "விடுதில ஆளுக்கு ஒரு அலமாரிதான்." இரண்டு பெட்டியில் எல்லாம் முடிந்தது. கட்டிலையும் பீரோவையும் வீட்டுக்காரர் கேட்டாரென்று அவருக்கே விட்டாகிவிட்டது.

விடுதிக்கு வந்த நான்காம் நாள் காலையில் தம்பி போன் செய்தான்.

"எல்லாம் வந்து சேந்துடுச்சுக்கா. ஒரு கீறல் இல்ல. ஒரு தட்டு உடையல. லாரிக்காரனே அசந்துட்டான்."

பின்னால் அட்டையைக் கத்தியால் கிழிக்கும் சத்தம் கேட்டது. "இப்படியா ஒட்டுவாங்க, பிரிக்கவே வர மாட்டேங்குது," என்று தம்பி மனைவியின் குரல்.

"பாப்பா இருக்காளா?"

"குளிக்கிறாக்கா. அப்புறம் பேசச் சொல்றேன்."

"சரி."

விடுதியில் குடிதண்ணீர் காலையில் அரை மணி நேரம்தான் வரும். தாழ்வாரத்தில் பெண்கள் ஆளுக்கொரு பாட்டிலோடு சுவரோரமாக நின்றிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. அவள் தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் நின்றாள். முன்னால் நின்றவள் திரும்பிப் பார்க்காமல் ஓரடி நகர்ந்தாள். இவளும் ஓரடி நகர்ந்தாள்.