ஆறாம் படத்து வேலி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருடம், அறுபத்தைந்தாம் ஆண்டு புரட்டாதியில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் ஏலத்தில் உண்மை பேச எழும்பிய ஒரு மனிதரின் சால்வைத் தலைப்பை நான் பிடித்துக் கீழே இழுத்தேன். அவர் பேசாமல் இருந்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. எழுதித் தொலைத்தால் வரும் என்று பார்க்கிறேன்.

என் பெயர் விமலேஸ்வரி. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஊர் தண்ணீரூற்றுக்குக் கிட்ட. அதற்கு மேல் கேட்காதீர்கள். ஏலம் கூறியவர் என் கணவர் பரமலிங்கம். எங்கள் கோயிலுக்கு வரும் பூசணிக்காய், வாழைக்குலை, பலாப்பழம் எல்லாவற்றையும் கூறி விற்பவர் அவர்தான். அவருடைய குரல் முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் கேட்கும்.*

(* "உது கூடிப்போச்சு. கோயில் கேணி வரைக்கும் கேட்டால் காணும்" என்று இந்த இடத்தில் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார். நான் எழுதுவதை அவர் கையில் பென்சிலோடுதான் வாசிப்பார். நான் பொறுக்கிறேன், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "வன்னி வானம் செந்நிறம் பூண்டிருந்தது. ஓவியர் சின்னராசா தன் தூரிகையை ஏந்தியவாறு

சீ. அன்றைக்கு வானம் ஒன்றும் பூணவில்லை, கண் கூசும் வெயில்.

இரண்டாவது: "கலைஞனை மதியாத சமூகம் ஒருநாளும்

இது கதையா, வாசிகசாலை ஆண்டு விழாவில் தலைமையுரையா? வெட்டினேன். நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் எனக்குச் சரிவரும்.

அறுபத்து நாலு மார்கழிச் சூறாவளி எங்கள் கோயில் மண்டபத்துக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த மண்டபத்தின் நீளச் சுவர் முழுவதும் சின்னராசா கீறிய கைலாசம். நாலு வருடம் சாரத்தில் ஏறி நின்று கீறினார். கைலாசம் என்று பெயரே தவிர, அதில் நிற்பவை எங்கள் பாலை மரங்கள், சிவனுக்குப் பக்கத்தில் எங்கள் குளம், குளத்துக்குள் எருமைகள். கைலாசத்தில் எருமை ஏது என்று தர்மகர்த்தாக்கள் கேட்டபோது, சிவன் எங்கள் ஊருக்கு வந்தால் எதைப் பார்ப்பார் என்று இவர் திருப்பிக் கேட்டாராம். எருமைகள் தப்பின.

வச்சிரப் பசை கலந்த வர்ணம். தண்ணீர் பட்டால் கரையும். தென்னோலைக் கிடுகு போட்டு மூடினோம், ஆவணிக்குள் கிடுகு உக்கிவிட்டது. காலம் தப்பிப் பெய்த ஒரு மழையில் நந்தியின் முன்னங்கால் இரண்டும் வழிந்து தரைக்கு வந்தன. அடுத்த நாள் சின்னராசா பள்ளிக்கூடத்துக்கு வந்து, பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதார். கலியாணம் கட்டாத மனிதர், அறுபது வயது. அந்தச் சுவரை விட்டால் அவருக்கு வேறு ஒன்றும் கிடையாது. ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறாவிட்டால் சுவரில் சுண்ணாம்புதான் மிஞ்சும்.

முல்லைத்தீவில் கடை வைத்திருக்கும் கச்சு முகம்மது நானூறு ரூபாய்க்குக் கூரைத் தகரம் தர ஒப்புக்கொண்டு, சனிக்கிழமை வரைக்கும் வேறு ஆருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்கும் கொடுத்தார். சூறாவளிக்குப் பிறகு தகரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கோயிலில் காசில்லை. சின்னராசா வீட்டுக்குப் போய், முப்பது வருடமாக ஊர் ஊராகத் திரிந்து பலகைகளில் கீறிய பதினொரு காட்சிப் படங்களை வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். "உதுகளை ஏலம் கூறுங்கோ" என்றார்.

3

இனி எங்கள் கோயில் ஏலத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். ஒருவர் தன் வளவில் காய்த்த முதற் பலாவை நேர்த்திக்குக் கோயிலுக்குக் கொடுப்பார். ஏலத்தில் அவரே அதைக் கேட்டால் வேறு ஒருவரும் மேலே கேட்கமாட்டார்கள். மற்றவன் மரத்துப் பழத்துக்குப் போட்டிக்கு நிற்பது பண்பில்லை. பலாப்பழத்துக்கு நல்ல வழக்கம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை பூசை முடிய, கூரையில்லாத மண்டபத்தில் என் கணவர் முதற் படத்தைத் தூக்கிப் பிடித்தார். வயலில் ஒருவர் உழுகிறார், பின்னால் குளக்கட்டு. கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ அது செல்வநாயகத்தாருடைய வயல் என்று சொன்னார்கள். செல்வநாயகத்தாருக்கு முகமெல்லாம் பல். மூன்று ரூபாய் என்று கேட்டார்.

சபை கப்சிப். என் கணவர் ஒருதரம், இரண்டுதரம் என்று தொண்டை கிழியக் கூறிப் பார்த்தார். ஒரு குஞ்சும் வாய் திறக்கவில்லை. வயல் அவருடையது என்றால் படமும் அவருடையதுதானே!

இரண்டாவது படத்தில் இராசமலருடைய பசு நின்றது. இரண்டு ரூபாய். மூன்றாவது ஒருவருடைய வீட்டு முகப்பு, அதுவும் இரண்டு ரூபாய். நாலாவது கடல். கடலுக்கு ஊரில் உரித்தாளி இல்லாதபடியால், தகரம் என்னாச்சு என்று அறிய வந்திருந்த கச்சு முகம்மது இருபத்தைந்துக்கு வாங்கினார். ஐந்தாவது ஒருவருடைய கிணறு, ஒன்றரை ரூபாய். ஏலக் கொப்பி எழுதியவள் நான். ஐந்து படத்துக்கு முப்பத்துமூன்றரை ரூபாய். பக்கத்தில் இருந்த சின்னராசா கையை மடியில் வைத்துக்கொண்டு கரைந்துபோன நந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஊர்ச் சனத்தில் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது, சஞ்சிகையில் போடமாட்டார்கள்.

4

(முதற் பிரதியில் இந்த இடத்தில் கொழும்பிலிருந்து ஒரு கனவானைக் காரில் வரவழைத்தேன். தங்கக் கண்ணாடி, கலை ரசனை. மிச்சப் படங்களையெல்லாம் நல்ல விலைக்கு வாங்கிச் சுவரைக் காப்பாற்றுவதாக இரண்டு பக்கம் எழுதினேன். அவருக்கு உயிரே வரவில்லை. என்னத்தைச் சொன்னாலும் காரைவிட்டு இறங்கமாட்டேன் என்றார். என் கணவரின் பென்சில்: "இவரை எந்த ரோட்டாலை கொண்டுவந்தனீர்? பாலம் உடைஞ்சல்லோ கிடக்கு." கனவானைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பெரிய ஆறுதல்.)

5

ஆறாவது படம். ஐம்பத்திரண்டில் கீறியது. இரண்டு வளவு, பனை, நடுவில் கதியால் வேலி.

ஒரு பக்கத்து வளவு யோகநாதனுடையது. மற்றது அவருடைய தங்கை ஜெகதீஸ்வரிக்குச் சீதனமாகக் கொடுத்தது. அந்த வேலி எங்கே நிற்கவேண்டும் என்ற சண்டையில் அண்ணனும் தங்கையும் அப்போது ஏழு வருடமாக முகம் பார்த்ததில்லை. செத்தவீட்டில்கூட இரண்டு மூலையில் இருப்பார்கள். அப்படியிருக்க, சண்டைக்கு முந்திய வேலி இதோ, பலகையில், ஊருக்கு முன்னால்!

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். யோகநாதன் பத்து என்றார். ஜெகதீஸ்வரி இருபது. வழக்கம் என்ன செய்யும்? உரித்தாளிகள் இரண்டு பேர். ஒருவரை ஒருவர் பாராமல் என் கணவரைப் பார்த்தே கேட்டார்கள். நூறு தாண்டியது. அண்ணன் தோட்டத்துப் புகையிலைக் காசை நினைத்திருப்பார், தங்கை கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். இருநூற்றறுபதில் சின்னராசா என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"ரீச்சர், அந்த வேலி அங்கை நிக்கேல்லை. படம் வடிவா வரட்டும் எண்டு பத்து முழம் தள்ளிக் கீறினனான். சொல்லப்போறன்."

சொல்லி எழும்பவும் தொடங்கிவிட்டார். நான் சுவரைப் பார்த்தேன். அவருடைய இடுப்புச் சால்வையைப் பிடித்து இழுத்தேன்.

முந்நூற்றுத் தொண்ணூறுக்கு ஜெகதீஸ்வரி எடுத்தார். தகரக் காசு சேர்ந்துவிட்டது, மிச்சம் ஐந்து படத்தையும் கூறத் தேவையில்லை என்று என் கணவர் அறிவித்தார்.

6

சனிக்கிழமை தகரம் வந்தது. ஒன்பது நாளில் கூரை ஏறியது. ஐப்பசி பன்னிரண்டாம் திகதி விடிய மழை கொட்டத் தொடங்க, குடையும் எடுக்காமல் மண்டபத்துக்கு ஓடினேன். சின்னராசா எனக்கு முதலே வந்து நின்றார். தகரத்தில் மழை போட்ட சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. சுவரைத் தடவிவிட்டு உள்ளங்கையை எனக்குக் காட்டினார். காய்ந்த கை. நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டிச் சிரித்தேன். அப்பாடா, அப்படி ஒரு சந்தோசம் எனக்கு என் கலியாணத்தன்றும் வரவில்லை.*

(* பென்சில்: ஒரு கேள்விக்குறி மட்டும்.)

மழை ஓய்ந்ததும், இனி படம் வாங்கின அந்த மனிசிக்கு உண்மையைச் சொல்லவேண்டும் என்றார் சின்னராசா. தனக்கு வாய் வராது, நீங்கள் எழுதுகிற ஆள்தானே என்றார்.

7

முடிவுகள்.

(அ) ஜெகதீஸ்வரி பலகையோடு கோட்டுக்குப் போகிறார். நீதவான் சின்னராசாவைக் கூண்டில் ஏற்றி

வேண்டாம்.

(ஆ) யோகநாதன் படத்தைத் திருடி அடுப்பில்

அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

(இ) இத்தனை மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, போன கிழமை இதுவரை எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு ஜெகதீஸ்வரி வீட்டுக்குப் போனேன். படம் விறாந்தைச் சுவரில் தொங்கியது. முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சால்வையையும் விடவில்லை. காசை எப்படியாவது திருப்பித் தருகிறோம் என்றேன்.

அவர் தேத்தண்ணியை ஆற்றித் தந்தார்.

"படம் பிழை எண்டு கொண்டுவந்த அண்டே தெரியும் ரீச்சர். பிறந்து வளர்ந்த வளவு, வேலி நிண்ட இடம் எனக்குத் தெரியாதோ?"

பிறகு ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"அண்ணை கிழமைக்கு ஒருக்கா உதைப் பாக்க வாறார். வேலி உங்காலைப் பக்கம் எண்டுவார், நான் இஞ்சாலைப் பக்கம் எண்டுவன். சண்டை பிடிச்சுத் தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போவார். வேலி பொய் எண்டால் பிறகு என்னத்தைப் பாக்க வாறது?"

இதை நான் போய்ச் சின்னராசாவுக்குச் சொன்னேன். அந்த மனிதர் இருமல் வரும்வரை சிரித்தார். அப்படியென்றால் வேலி அங்கேயே நிற்கட்டும் என்றார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது.

8

ஆனால் இப்போது இந்தக் கதையை என்ன செய்வது? அச்சானால் உண்மை வெளியே வரும். பெயரை மாற்றலாம், மாற்றினாலும் எங்கள் ஊரில் வேலிச் சண்டையை அடையாளம் தெரியாதவர் இல்லை. கிழித்துப் போடலாம் என்றால், என் கணவர் முதல் தடவையாக ஒரு பக்கத்தில் "நல்லாயிருக்கு" என்று எழுதியிருக்கிறார். நாளைத் தபாலில் அனுப்பத்தான் போகிறேன்.

யோகநாதன் கதை வாசிக்கிறவர் இல்லை. வாசிக்கிறவர்கள் நீங்கள். ஆகவே முடிவும் உங்களிடம்தான். அவரிடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் சொல்லத்தான் வேண்டும் என்று நினைப்பவர், முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜெகதீஸ்வரி வீட்டு விறாந்தையில் போய் இருந்து, அந்த அண்ணனும் தங்கையும் படத்துக்கு முன்னால் பிடிக்கிற சண்டையை முழுவதும் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.