மீண்டும் வர வேண்டிய நாள்

குடிநீர் அலுவலகத்தின் மூன்றாம் எண் கவுண்டரைத் தாண்டி ஓட்டை உடைசலோடு ஒரு விண்ணப்பம் உள்ளே போனதாக இருபத்தாறு வருடத்தில் யாரும் சொன்னதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மேடம் முதலில் பக்கங்களை எண்ணுவார். அப்புறம் கையெழுத்து, அப்புறம் தேதி. எதுவாவது உதைத்தால் கோபப்பட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். உள்ளங்கை அகல மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்து, ‘மீண்டும் வர வேண்டிய நாள்’ என்று அச்சடித்த இடத்துக்கு எதிரே ஒரு தேதியை எழுதி, கண்ணாடியின் கீழே உள்ள பிளவு வழியாகத் தள்ளிவிடுவார். வாங்கியவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை வாசலைத் தாண்டிய பிறகுதான் சொல்வார்கள்.

இப்பேர்ப்பட்ட மேடத்துக்கு ஒரே மகள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து வாய் ஓயாததால் அப்பா அவளுக்கு ரேடியோ என்று பட்டம் சூட்டினார், அதுவே நிலைத்துவிட்டது. அவள் பேக்கேஜிங் படிக்கிறாள். குழந்தைகள் திறக்க முடியாத, ஆனால் முதியவர்கள் திறக்கக்கூடிய மருந்து பாட்டில் மூடியைச் சோதித்துப் பார்க்கும் ஒரு கம்பெனியில், வெளிநாட்டில், ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. ஊருக்கெல்லாம் மூடி செய்யப் போகிறவளுக்குத் தன் வாய்க்கு ஒன்று கிடைக்கவில்லையே என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், விசா நேர்காணலை நினைத்தால் ரேடியோவுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல அவளுக்கு வராது. கல்லூரி வாய்மொழித் தேர்வில் பசை பற்றிக் கேட்டபோது பசையில் தொடங்கி, பசைத் தொழிற்சாலைக்குப் போய், அங்கே வாசலில் படுத்திருந்த நாய்க்கு எப்படி அடிபட்டது என்பதில் முடித்தவள் அவள். தேர்வாளர் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் பத்துக்கு நாலு போட்டார்.

“ஒத்திகை பாத்துடலாம்,” என்றார் மேடம். “தினமும் சாயங்காலம் ஆறு மணி.”

அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டு நீட்ட ஒரு சதுர ஜன்னல் உண்டு. அதுதான் தூதரகம். உள்பக்கம் ஸ்டூலைப் போட்டு மேடம் அமர்ந்தார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அப்பா, அன்று கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து, காவலாளி வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். மகளின் செல்போனைப் பிடுங்கி ஒரு கிண்ணத்தில் போட்டு, கையில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தார்.

“டோக்கன் நாப்பத்தேழு. உங்களுக்கு முன்னாடி நாப்பத்தாறு பேர் இருக்காங்க. உக்காருங்க.”

“அப்பா, இங்க நான் மட்டும்தானே இருக்கேன்?”

“அதிகமாப் பேசினா நாப்பத்தெட்டு.”

முதல் நாள் ஒத்திகையில், அங்கே எங்கே தங்குவாள் என்று மேடம் கேட்க, ரேடியோ விடுதியின் பெயரைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அறையின் ஜன்னல் எந்தப் பக்கம், அறைத்தோழி எப்படிப்பட்டவள், அவளுக்குப் பூனை பிடிக்குமா என்பது வரை போய்விட்டாள். ஜன்னல் வழியே மஞ்சள் சீட்டு வந்தது. மீண்டும் வர வேண்டிய நாள்: நாளை.

ஒரு வாரத்தில் அவள் தேறிவிட்டாள். விடுதி என்றால் விடுதி, மூடி என்றால் மூடி. நாய் வரவில்லை, பூனை வரவில்லை. ஆனாலும் சீட்டு வருவது நிற்கவில்லை. எல்லாம் ஒழுங்காகப் போய்க் கடைசிக் கேள்வியில் கவிழ்ந்தது.

“வேலை முடிஞ்சதும் திரும்பி வருவீங்களா?”

“கண்டிப்பா வருவேன் மேடம்.”

சீட்டு. மறுநாள் அதே கேள்வி, அதே பதில், அதே சீட்டு. நாலு நாள் இப்படியே போனது. அப்பாவுக்கே பொறுக்கவில்லை.

“ஏம்மா, பெத்த பொண்ணையும் அலைய விடறே? பதில் சரியாத்தானே சொல்றா?”

“காவலாளி உள்ள வரக் கூடாது,” என்றார் மேடம். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: “பொய் சொல்றவங்க என் மூஞ்சியவே பாப்பாங்க. உண்மை சொல்றவங்க பையைக் குடைஞ்சு பேப்பரைத் தேடுவாங்க. இத்தனை வருஷமாப் பாக்கறேன். நீங்க நாலு நாளா என் மூஞ்சியவே பாக்கறீங்க.”

ரேடியோ சட்டென்று ஃபைலைக் குடைய ஆரம்பித்தாள்.

“அதுல கிடைக்காது. கம்பெனி லெட்டர் மொத்தம் அஞ்சு பக்கம்னு கீழ போட்டிருக்கு. முதல் நாள்லேர்ந்து நாலுதான் இருக்கு. நாலாம் பக்கம் எங்க?”

நாலாம் பக்கம் அவள் மெத்தைக்கு அடியில் இருந்தது. போய் எடுத்து வந்து ஜன்னலில் வைத்தாள். வேலையில் தேறினால், படிப்பு முடிந்த பிறகு அங்கேயே இரண்டு வருட வேலை தரலாம் என்று அதில் எழுதியிருந்தது. மேடம் அதை ஒரு முறை படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் காலி. மறுபடி படித்தார்.

“எதுக்கு ஒளிச்சே?”

“நீ அழுவியேன்னுதாம்மா.”

“மேடம்னு சொல்லு,” என்றார் மேடம். “திரும்பி வருவியா?”

ரேடியோ அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடைசி செமஸ்டர் இருக்கு, அதுக்கு வந்துதான் ஆகணும். அதுக்கப்புறம் தெரியலம்மா.”

பிறந்ததிலிருந்து அவள் சொன்ன பதில்களிலேயே அதுதான் சின்னது. மேடம் நாலாம் பக்கத்தை மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் சொருகி, ஜன்னல் விளிம்பில் தட்டிச் சமன்படுத்தி, ஃபைலை நீட்டினார். அன்று சீட்டு இல்லை.

“இப்பதான் ஃபைல் முழுசா இருக்கு. அங்க கேட்டாலும் இதையே சொல்லு.”

நிஜத் தூதரகத்தில் அதைக் கேட்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. அதிகாரி எங்கே தங்குகிறாய், என்ன வேலை என்று இரண்டே கேள்வி கேட்டார். மூடி என்றதும், தன் மாமியார் வீட்டு மருந்து பாட்டிலைத் தன்னாலேயே திறக்க முடியவில்லை என்று அவரே ஐந்து நிமிடம் பேசினார். ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். ஒத்திகை பார்த்த உழைப்பெல்லாம் வீணாய்ப் போயிற்றே என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

பத்து நாளில் பாஸ்போர்ட் வந்தது, விசாவோடு. வீட்டில் பொறுமையாகக் காத்திருக்க அவளால் முடியவில்லை. நேராகக் குடிநீர் அலுவலகம் போனாள், டோக்கன் எடுத்தாள், வரிசையில் நின்றாள். முக்கால் மணி நேரம் கழித்து மூன்றாம் எண் கவுண்டரில் பாஸ்போர்ட்டைப் பிளவு வழியாகத் தள்ளினாள்.

மேடம் நிமிரவில்லை. பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். விசாவில் பெயரைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். அப்புறம் மஞ்சள் சீட்டை எடுத்து, மேசை நாட்காட்டியில் ஆறு தாள்களைப் புரட்டி, ஒரு தேதி எழுதினார். அடியில் ‘கவுண்டர் எண் 3’ என்று அச்சடித்திருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு ‘வீடு’ என்று எழுதி, பாஸ்போர்ட்டின் நடுவில் வைத்துத் திருப்பித் தள்ளினார்.

ரேடியோவுக்கு அடுத்து, ஓடாத தண்ணீர் மீட்டரைக் கையிலேயே தூக்கிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். அவர் எட்டிச் சீட்டைப் படித்துவிட்டார்.

“என்னம்மா இது அநியாயம்? எனக்காவது நாளைக்கு வா, நாளைக்கு வான்னாங்க. உங்களுக்கு ஆறு மாசம் கழிச்சா? இதைச் சும்மா விடக் கூடாது. நானும் வரேன், கேப்போம்.”

சொல்வதற்கு அவளிடம் நாய் பூனை எல்லாம் இருந்தது. அவள் எதையும் எடுக்கவில்லை. சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“வேண்டாங்க. அன்னிக்கே வந்துடறேன்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் அடுத்த டோக்கனைக் கூப்பிட, அன்றைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் பிடித்தது.