அடுத்த தலைவி

தமிழ்நாட்டில் எங்கே வெள்ளம் வந்தாலும், சிங்கப்பூர் தேக்காவில் உள்ள எங்கள் மகளிர் சங்கம் துணிமணி சேர்த்து அனுப்பும். ஒவ்வொரு முறையும் ஒரு புதுத் தலைவி. இந்த முறை தாரணி. மூட்டை கட்டியது நான். பத்திரிகைப் படத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது அவள். எனக்கு வயிறு எரிந்தது.

"பதினெட்டு வருஷமா உழைக்கிறேன். என் முறை எப்பதான் வரும்?" என்று செயலாளர் கதீஜாவிடம் சீறினேன்.

பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "முன்னெல்லாம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தலைவி போதும். இந்த வருஷம் மட்டும் தாரணி மூணாவது ஆளு. பொறுங்கக்கா, தீபாவளிக்குள்ள உங்களுக்கும் ஒரு வெள்ளம் வந்துடும் லா."

படத்துக்கு எந்தச் சேலை கட்டலாம் என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.