புன்யோத் ரொட்டியைக் கடித்துவிட்டான்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. கேட்டு வாங்கப்பட்டது. கார் உதிரி பாகம் விற்கும் தோலிப், எங்கள் தேநீர்க் கடையான சாய்கானாவில் மேசையைத் தட்டி, "நீ எழுதுறவன்தானே? நம்ம பையன் பெல்ஜியத்துக்குப் போற மாதிரி ஒரு கதை எழுதுடா. அவன் உன்னைப் படிக்கிறான். படிச்சான்னா கிளம்பிடுவான்" என்றான். எதிரே உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் மஹ்கம், "எழுதுறதா இருந்தா இங்கேயே இருக்கிற மாதிரி எழுது. இல்லேன்னா கையைக் கட்டிக்கிட்டு உக்காரு" என்றான். பையனின் அப்பா ஸாபிர் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, யாரோ வீட்டுப் பையனைப் பற்றிப் பேச்சு நடப்பதுபோல் பலோ என்ற கறிச்சோற்றைத் தின்றுகொண்டிருந்தான்.

நாங்கள் நால்வரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வியாழக்கிழமை தோறும் கால்வாய்க் கரை சாய்கானாவில் கூடுவோம். நான் மாகாணப் பத்திரிகையில் கால்பந்து எழுதுகிறேன். ஒரு பையனை ஒரு பக்கம் தள்ளிவிடுவதற்காகக் கதை எழுத மாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டேன். ஆனால் எழுதாமலும் விடப்போவதில்லை. அவர்கள் கேட்டபடி எழுதக் கூடாது என்ற பிடிவாதத்தோடுதான் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "பந்து அவன் இடது காலுக்கு வந்தபோது மைதானமே மூச்சைப் பிடித்து—"

வேண்டாம். எங்கள் மைதானம் மூச்சையெல்லாம் பிடிக்காது. சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பிக்கொண்டே நடுவரின் குடும்பத்தை விசாரிக்கும்.

இரண்டாவது தொடக்கம்: "பத்தொன்பது வயது புன்யோதின் கண்களில் ஒரு கனவு—"

அடித்துவிட்டேன். அவன் கண்களை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. இந்த ஊரில் எல்லோரும் அவன் கால்களைத்தான் பார்க்கிறோம்.

மூன்றாவது, அலங்காரம் இல்லாமல்: புன்யோத் எங்கள் ஊர் க்ளப்பின்* நடுக்கள ஆட்டக்காரன். பெல்ஜியத்தில் ஒரு க்ளப் ஒரு வருடமாக அவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே போனால் முதல் வருடம் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் பெஞ்ச்தான். இங்கே இருந்தால் வாராவாரம் ஆடுவான். கோடையில் பெரிய போட்டி வருகிறது, தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்க்கத் தாஷ்கண்டிலிருந்து தேசிய அணியின் துணைப் பயிற்சியாளரே வருகிறார். பெல்ஜியத்துக்குப் பதில் சொல்ல திங்கள் மாலைவரை நேரம் இருக்கிறது.

இது நன்றாக இல்லை, செய்தி மாதிரி இருக்கிறது. இருந்தாலும் இதையே வைத்துக்கொள்கிறேன்.

* எந்த ஊர் என்று எழுதினால் எந்த க்ளப் என்று தெரிந்துவிடும். ஃபெர்கானா பள்ளத்தாக்கில் ஓர் ஊர், அவ்வளவுதான். பள்ளத்தாக்குக்காரர்கள் கண்டுபிடிக்க முயல வேண்டாம். மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றிவிட்டேன்.

3

பேச்சை மட்டும் மாற்றவில்லை. அது இப்படித்தான் போனது.

"பெஞ்ச்னாலும் அது ஐரோப்பா பெஞ்ச்டா" என்றான் தோலிப்.

"பெஞ்ச் எந்த ஊர்ல இருந்தா என்ன? தேயுறது பேண்ட்தான்" என்றான் மஹ்கம்.

"இங்க இருந்து என்னத்தைக் கிழிக்கப் போறான்? நம்ம புல்தரையில பந்து உருளுதா? ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுது."

"துள்ளுற பந்தை அடக்கத் தெரிஞ்சவன்டா அவன். தேசிய அணிக்காரன் ஓடுறவனைத்தான் எடுப்பான், உக்காந்திருக்கிறவனை இல்ல."

"போன தடவை எடுத்ததுல பாதிப் பேரு வெளிநாட்டுல உக்காந்திருந்தவன்தான்!"

"அதனாலதான் தோத்தோம்!"

"நீ எட்டாம் வகுப்புல கோல் போஸ்ட்ல முட்டிக்கிட்டு விழுந்தவன். நீ எனக்கு ஃபுட்பால் சொல்லித் தர்றியா?"

"முட்டினவனுக்குத்தான்டா போஸ்ட் எங்க இருக்குன்னு தெரியும்."

[மஹ்கம் இந்தப் பிரதியைப் படித்தான். தன்னைவிடத் தோலிப்புக்கு ஒரு வாக்கியம் கூடுதலாகப் போயிருக்கிறது என்று குறைப்பட்டான். எண்ணிப் பார்த்தானாம். கணக்கு வாத்தியார் எண்ணத்தான் செய்வார்.]

ஸாபிரைக் கேட்டோம். "அவன் எங்க இருந்தாலும் சரி" என்று கிண்ணத்தில் பச்சைத் தேநீரை ஊற்றிக்கொண்டான். கணவாய் வழியாகத் தாஷ்கண்டுக்குக் கார் ஓட்டுகிறவன். வழியெல்லாம் பயணிகள் அவன் மகனைப் பற்றி அவனிடமே சண்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். கேட்டுக் கேட்டு அவனுக்கு வாய் மூடிப்போய்விட்டது.

4

அப்போதுதான் புன்யோத் வந்தான். பயிற்சி முடிந்து, அப்பாவிடம் கார் சாவி வாங்கிப் போக வந்தவன். பை தோளில், தலை ஈரம். எங்கள் எல்லோருக்கும் சலாம் சொல்லிக் கை கொடுத்துவிட்டு நின்றான்.

இங்கேதான் தோலிப் அதைச் செய்தான். மேசை ஓரத்தில் இன்னும் பிய்க்காத ஒரு முழு ரொட்டி இருந்தது. வழக்கமாக அதைக் கையால் துண்டு துண்டாகப் பிய்த்து எல்லோர் முன்பும் வைப்போம். முழு ரொட்டியை ஒருவன் வாயருகே நீட்டுவது வேறு. தூரப் பயணம் போகிறவன்தான் அதில் ஒரு கடி கடிப்பான். மீதி ரொட்டி வீட்டுச் சுவரில் தொங்கும், அவன் திரும்பி வந்து தின்று முடிக்கிற வரைக்கும். பட்டாளத்துக்குப் போகிறவன், ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகிறவன், எல்லோரும் கடித்துவிட்டுத்தான் போவார்கள்.

தோலிப் அந்த ரொட்டியைத் தூக்கிப் புன்யோதின் வாய்க்கு நேராக நீட்டினான். "கடிடா ராஜா!"

பையன் அப்பாவைப் பார்த்தான். ஸாபிர் தேநீரைப் பார்த்தான். தகப்பன் வயது ஆள் நீட்டிய ரொட்டியிலிருந்து முகத்தைத் திருப்ப எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது, அப்படி வளர்த்துவிட்டோம். கடித்தான்.

"கடிச்சாச்சு!" என்று தோலிப் கத்தினான். பையன் மென்று முடிப்பதற்குள் ரசிகர்களின் டெலிகிராம் குழுவில் படத்தோடு போட்டுவிட்டான்: புன்யோத் ரொட்டியைக் கடித்துவிட்டான்.

(இங்கே ஓர் உவமை எழுதியிருந்தேன். தேவைப்படவில்லை.)

5

வெள்ளி காலைக்குள் ஊரே அவனை வழியனுப்பி முடித்துவிட்டது. கறிக்கடைக்காரர் அவனுக்கு வாழ்த்துச் சொன்னார். பேருந்தில் ஒரு கிழவர் காறித் துப்பினார். குழுவில் பாதிப் பேர் "சிங்கம்" என்றார்கள், மீதிப் பேர் "துரோகி" என்றார்கள். அவன் முடிவு செய்திருக்கிறானா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ரொட்டியே சொல்லிவிட்டதே!

அவன் அம்மா முனவ்வர் எனக்குத் தொலைபேசினாள். கடித்த ரொட்டியைத் தூக்கி எறிய முடியாது என்று சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டாளாம். "ரொட்டி சுவத்துல தொங்குது, போனவன் அதுக்குக் கீழேயே உக்காந்து சூப் குடிச்சுக்கிட்டிருக்கான். இது என்ன கூத்துங்க அண்ணே? உங்க சாய்கானாவுல கேட்டுச் சொல்லுங்க, இப்ப நான் அழணுமா வேண்டாமா?"

நண்பகலில் பெரிய அடி விழுந்தது. கோச் ஹக்குல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலிருந்து புன்யோதை எடுத்துவிட்டார். "போறவனுக்கு இடம் எதுக்கு? இருக்கிறவன் ஆடட்டும்" என்றாராம். தாஷ்கண்டிலிருந்து வருகிறவர் புன்யோதைப் பார்க்கத்தான் வருகிறார். அவன் களத்தில் இல்லையென்றால் கோடைக்குத் தேசிய அணியில் அவன் இல்லை.

6

நாங்கள் கோச்சைப் பார்க்கப் போனோம். இந்தக் காட்சியை உருக்கமாக எழுத ஆசைப்பட்டேன். நாங்கள் வாதாடுவது, அவர் மனம் இளகுவது. நடந்தது வேறு.

"கடிச்சானா, இல்லையா?" என்றார் ஹக்குல்.

"கடிச்சான். ஆனா..." என்றான் மஹ்கம்.

"எங்கம்மா குடுத்த ரொட்டியைக் கடிச்சிட்டு ஆர்மிக்குப் போனவன் நான். அதுல 'ஆனா'வே கிடையாது வாத்தியாரே."

"கோச், அது போற ரொட்டி இல்ல. பையன் பசியா வந்தான், சும்மா ஒரு வாய்..." என்று தோலிப் இழுத்தான்.

ஹக்குல் கைபேசியை எடுத்து அவன் போட்ட படத்தை அவனுக்கே காட்டினார். அதில் தோலிப்பின் கட்டைவிரலும் சிரிப்பும் தெளிவாக இருந்தன. தோலிப் படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு வாசலை நோக்கி நடந்தான்.

வெளியே வந்ததும் மஹ்கம், "எல்லாம் உன்னாலதான்டா" என்றான். தோலிப், "நீ ஒரு வருஷமா 'போகாதே போகாதே'ன்னு அவன் உயிரை எடுக்கலையா?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதுவரை எழுதியதை எடுத்து, முதலிலிருந்து படித்துப் பார்த்தேன்.

7

ஒரு வாசகராக நீங்கள் ஏற்கெனவே கவனித்திருப்பீர்கள். நான் அப்போதுதான் கவனித்தேன். இத்தனை பக்கத்தில் புன்யோத் ஒரு வார்த்தை பேசவில்லை. சலாம் சொன்னான், ரொட்டியைக் கடித்தான். கதாநாயகன் என்று பெயர், மற்றபடி மேசைமேல் இருந்த தேநீர்க் கிண்ணத்துக்குக்கூட அவனைவிட அதிக வேலை.

சனிக்கிழமை காலை அவனே பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தான்.

"சித்தப்பா, என்னைப் பத்திக் கதை எழுதுறீங்களாமே."

"ஆமா."

"அதுல நான் என்ன சொல்றேன்?"

நான் தாள்களைப் புரட்டினேன். புரட்டுவதில் அர்த்தம் இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது. "இன்னும் ஒண்ணும் சொல்லலப்பா" என்றேன்.

சிரித்தான். "கரெக்டாத்தான் எழுதியிருக்கீங்க. யாரும் என்னைக் கேக்கல சித்தப்பா. கோச் ரொட்டியைக் கேக்குறாரு. தோலிப் மாமா குரூப்பைக் கேக்குறாரு. மஹ்கம் சார் வீட்டுக்கே வந்து அம்மாகிட்ட பேசுறாரு. அப்பா யாருகிட்டயும் எதுவும் கேக்குறதில்ல. கேட்டா நான் சொல்லிடுவேன். எனக்கு ஒண்ணும் குழப்பம் இல்ல."

"சரி, நான் கேக்குறேன். போறியா, இருக்கியா?"

சொன்னான். ஒரே வாக்கியம், அதற்கு ஒரு காரணம். தோலிப்பின் காரணமும் இல்லை, மஹ்கமின் காரணமும் இல்லை. ஒரு வருடமாக மேசை தட்டிய எங்களுக்கு ஒருமுறைகூடத் தோன்றாத காரணம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"இதை எழுதிடாதீங்க. நான் ஆடிட்டு, நானே சொல்றேன்" என்றான்.

"எழுத மாட்டேன்."

"கோச் என்னை ஆடவிடணுமே, அதை நான் பாத்துக்கிறேன்" என்று எழுந்தான்.

8

கோச்சிடம் அவன் பேசியதற்கு ஒரு நல்ல பிரதி எழுதினேன். "நான் பிறந்த மண்ணுக்காக, என் மக்களுக்காக—" இப்படிப் பேசும் பத்தொன்பது வயதுப் பையனை எனக்குத் தெரியாது. மேடையில்தான் பேசுவார்கள், அதுவும் எழுதிக் கொடுத்தால்.

ஸாபிர் மைதான வாசலில் காரில் உட்கார்ந்து தன் காதால் கேட்டது இது:

"கோச், பெரியவங்க ரொட்டியை நீட்டினாங்க, மூஞ்சியைத் திருப்ப முடியல. போறதா இருந்தா உங்ககிட்டதான் முதல்ல வந்து சொல்வேன். இன்னும் யாருகிட்டயும் கையெழுத்துப் போடல. நாளைக்கு ஆட வைங்க, ஆடுறேன். பெஞ்ச்ல வைங்க, உக்காருறேன். வீட்டுக்குப் போன்னு மட்டும் சொல்லாதீங்க. போக மாட்டேன்."

"அப்ப அந்த ரொட்டி?"

"அது தொங்கட்டும் கோச். ரொட்டியா நாளைக்கு ஆடப் போகுது?"

ஹக்குல் வெகுநேரம் விசிலைச் சங்கிலியில் சுற்றிக்கொண்டிருந்தாராம். பிறகு, "பெஞ்ச்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

9

கதையின் முடிவு கேட்டு இப்போது எல்லோரும் என் வாசலில் நிற்கிறார்கள்.

தோலிப்பின் முடிவு: கடைசி நிமிடத்தில் கோல், தாஷ்கண்டுக்காரர் கை தட்டுகிறார், அடுத்த காட்சி விமானம். மஹ்கமின் முடிவு: அதே கோல், அதே கைதட்டல், விமானம் மட்டும் இல்லை. இரண்டிலும் பையன் ஒன்றும் பேசுவதில்லை என்பதைக் காட்டினேன். "கோல் அடிக்கிறானே, பேச வேற செய்யணுமா?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் இதுதான்.

நீங்களும் மூன்றாம் பகுதியிலேயே ஒரு பக்கம் சாய்ந்திருப்பீர்கள். தப்பில்லை, சாய்வதற்குத்தான் ரசிகன். உங்கள் முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வாக்கியத்தை அவன் வாயில் வைக்காதீர்கள். நாங்கள் வைத்துப் பார்த்துவிட்டோம்.

10

ஞாயிறு. இரண்டாம் பாதி. கோல் ஏதும் இல்லை. ஹக்குல் பெஞ்ச் பக்கம் திரும்பிக் கையை அசைத்தார். புன்யோத் எழுந்து மேல்சட்டையைக் கழற்றினான். மைதானத்தில் பாதி அவன் பெயரைக் கத்தியது, பாதி விசிலடித்து ஏசியது.

"டேய், உனக்குத் தெரியும். இப்பவாவது சொல்லித் தொலை. போறானா, இருக்கானா?" என்று தோலிப் என் சட்டையைப் பிடித்தான்.

"ஒரே வார்த்தை போதும்டா. தலையையாவது ஆட்டு" என்றான் மஹ்கம்.

நான் தலையை ஆட்டவில்லை. ஆட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர்களிடம் சொன்னதுதான் உங்களிடமும்.

மகன் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடியதும் ஸாபிர் எழுந்து நின்றான். எங்களைப் பார்க்காமலே சொன்னான்: "அவனை யாரும் எதுவும் கேக்காதீங்கடா. நான் கேக்கப் போறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், நானே கேக்கப் போறேன்."

கேட்டான். பையன் பதில் சொன்னான். அது அந்த வீட்டு விஷயம், எழுத மாட்டேன்.